அப்பா நட்ட டுரியான் மரமும் மகன் காத்திருக்கும் வீடும்

கடிதச் சுருக்கம்

சிங்கப்பூர்த் தீவின் வடபகுதியில் வசிக்கும் 63 வயதுப் பெண்மணி ஒருவர் கைப்பட எழுதி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து இந்தக் கேள்வி-பதில் பத்திக்கு அனுப்பிய கடிதம் இது. காட்டின் பெயர், புளோக் எண், உறவினர் பெயர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

அவருடைய தாத்தா தஞ்சாவூர்ப் பக்கமிருந்து பால்மரம் சீவ வந்தவர். ரப்பர் தோட்டம் ஓய்ந்த பிறகும் குடும்பம் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரரான தவுக்கேக்கு மாதாமாதம் தரைவாடகை கட்டி, அப்பா பலகை வீடு போட்டார். நாலு மாடு வைத்து வீடு வீடாகப் பால் ஊற்றினார். டுரியான், ரம்புத்தான், பலா என்று கையில் கிடைத்த கன்றையெல்லாம் நட்டார். 1983இல் கம்பத்தை (கிராமக் குடியிருப்பை) காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. கொஞ்சம் நஷ்டஈடும், பக்கத்திலேயே ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு முன்னுரிமையும் கிடைத்தன. நாற்பது ஆண்டாக அந்த வீட்டின் சமையலறைச் சன்னல் வழியாக, தாம் பிறந்த கம்பம் காடாக வளர்வதை அவர் பார்த்துவருகிறார். விடியற்காலையில் சின்னான் பறவையின் பாட்டு கேட்கும். கணவர் இருந்தபோது இரண்டு முறை எறும்புத்தின்னியைக் கண்டிருக்கிறார்கள். பழைய கிணற்றுக்குப் பக்கத்து ஆலமரத்தடியில் அப்பா நட்ட சூலம் இன்னும் இருக்கிறது. ஆடி மாதம் போய் விளக்கேற்றி வருகிறார்.

இப்போது காட்டின் சாலைப் பக்கத்தில் தகரத் தடுப்பு எழும்பிவிட்டது. அங்கே வரப்போகும் பிடிஓ வீட்டுக்கு (விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வீவக கட்டித்தரும் புது வீடு) அவருடைய இளைய மகன் விண்ணப்பித்து, மூன்றாவது முயற்சியில் வரிசை எண் கிடைத்திருக்கிறது. மகனும், நிரந்தரவாசியான மருமகளும் அம்மாவின் மூவறை வீட்டில்தான் இருக்கிறார்கள். “என் அப்பன் மண்ணில் உனக்கு வீடா?” என்று இவர் கேட்டுவிட, மகன் மூன்று வாரமாக வீட்டில் சாப்பிடுவதில்லை. காட்டின் ஓடைப் பக்கத்துக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு இணையத்தில் வெளியாகியிருக்கிறது. கருத்துச் சொல்ல இன்னும் பதினாறு நாள் மிச்சம்.

அவர் கேட்பவை இவை: மூன்று தலைமுறையாக வாழ்ந்த இடத்தில் எங்களுக்கு உரிமை இல்லையா? இந்தியாவில் கிராம சபை மறுத்தால் காட்டைத் தொட முடியாதாமே, இங்கே ஏன் அப்படி இல்லை? வழக்குப் போட்டு நிறுத்தலாமா? பெண்கள் ஆறு பேர் பேருந்து நிறுத்தத்தில் அட்டை பிடித்து நிற்கப்போகிறோம், அதில் தவறுண்டா? மகன் அந்த வீட்டை எடுப்பது சரியா?

அன்புள்ள அம்மா,

கெடு நெருங்குவதால் இந்தப் பதிலின் அவசரமான பகுதியைக் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். இங்கே விரித்து எழுதுவது, உங்களைப் போலவே சன்னலோரம் நின்று கலங்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான். உங்கள் கடிதத்தில் சட்டம் காதுகொடுக்கக்கூடியவையும் கொடுக்காதவையும் கலந்திருக்கின்றன. பிரித்துச் சொல்கிறேன். சில இடங்களில் மனம் நோகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பத்து வாழ்வும் நில உரிமையும்

உங்கள் அப்பா கட்டியது தரைவாடகை. வீடு அவருடையது, நிலம் தவுக்கேயுடையது. 1966ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தும் சட்டப்படி அரசாங்கம் நிலத்தை எடுத்தபோது நிலத்துக்கான ஈடு நிலச் சொந்தக்காரருக்குப் போனது. உங்களைப் போன்ற குடும்பங்களுக்கு மறுகுடியேற்றத் திட்டத்தின்கீழ் ஓர் ஈட்டுத்தொகையும் வீட்டு முன்னுரிமையும் தரப்பட்டன. அந்தத் தொகை போதவில்லை என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தக் காலத்தில் நிலச் சொந்தக்காரருக்கே சந்தை விலை கிடைக்கவில்லை. 2007இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் சந்தை மதிப்பின்படி ஈடு என்ற நிலை வந்தது. ஆனால் அந்தத் திருத்தத்தைக் காட்டி 1983இன் கணக்கை இன்று திறக்க வழியில்லை.

“முப்பது வருஷம் அனுபவித்தால் நிலம் நமக்கு என்பார்களே” என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீண்டகால அனுபவத்தால் பிறர் நிலத்தில் உரிமை பெறும் அந்த விதி சிங்கப்பூரில் 1994 மார்ச் 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. போதாததற்கு, நீங்கள் 1983இல் வெளியேறியவர்கள். மரங்களின் கதையும் அதுதான். அப்பா நட்ட டுரியான் இன்று அரசு நிலத்தில் நிற்கும் மரம். அதன் பழத்தைப் பொறுக்கி வந்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பதாக மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த மகிழ்ச்சியைக் குலைக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் ‘அரசு நிலம், நுழையாதீர்’ என்று பலகை வைத்த இடத்துக்குள் போவது சட்டப்படி அத்துமீறல் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அடுத்து, “அரிய பறவை இருப்பதால் இது பாதுகாக்கப்பட்ட காடு” என்ற நம்பிக்கை. படித்தவர்கள் பலருக்கும் இது இருக்கிறது. சட்டப்படி அறிவிக்கப்பட்ட இயற்கை வனப்பகுதிகள் இங்கே நான்கு: புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, லாப்ரடோர், சுங்கை பூலோ. உங்கள் காடு அந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் கேட்கும் பாட்டு வைக்கோல் நிறத் தலையுள்ள சின்னானுடையதாக இருந்தால், அது உலக அளவில் அழிவின் விளிம்பில் நிற்கும் பறவை. கூண்டுப் பறவை வியாபாரத்துக்காக அண்டை நாடுகளின் பல காடுகளில் பிடித்துப் பிடித்தே ஒழித்துவிட்டார்கள். அதற்கு இன்று மிஞ்சியிருக்கும் முக்கியப் புகலிடங்களில் நம் தீவும் ஒன்று. வனவிலங்குச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். ஆனால் அது கூடு கட்டும் காட்டுக்கு அதனால் தானாகவே பாதுகாப்பு வந்துவிடாது. சட்டம் பறவைக்கு ஒரு கணக்கும் நிலத்துக்கு வேறொரு கணக்கும் வைத்திருக்கிறது.

நிலத்தின் கணக்கு இருப்பது நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டத்தில். ஒவ்வொரு துண்டு நிலமும் எதற்கு என்று வண்ணம் தீட்டிக் காட்டும் வரைபடம் அது. சட்ட வலு உள்ளது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனைக்கு வருவது. கிளமெண்டி காடு 1998லிருந்தும் டோவர் காடு 2003லிருந்தும் அந்த வரைபடத்தில் குடியிருப்பு நிலமாகவே இருந்தன. காட்டைச் சுற்றி வாழ்ந்தவர்களில் பலருக்கு அது 2020க்குப் பிறகுதான் உறைத்தது. உங்கள் காடும் குடியிருப்பு வண்ணத்தில் இருப்பதை நானே பார்த்து உறுதிசெய்துகொண்டேன். வரைவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாட்களில் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்க யாருக்கும் வழி உண்டு. கடைசியாக 2025 ஜூனில் வரைவு வெளியானது. அப்போது வரைபடத்தைத் திறந்து பார்க்க உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இந்தப் பத்தியை எழுதிவரும் நானும் அன்றைக்கு அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அடுத்த முறை எழுதுவேன்.

இந்தியாவின் கிராம சபை

உறவினர் அனுப்பிய காணொளியில் நீங்கள் பார்த்தது நடந்த விஷயம்தான். ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வரவிருந்தபோது, அங்கே வாழும் டோங்ரியா கோந்த் மக்களின் கிராம சபைகளைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்று 2013 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடிய 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. அதற்கு அடித்தளமாக இருந்தது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்தும் ஆங்கிலேயர் காலத்திலிருந்து ஆக்கிரமிப்பாளர் என்று எழுதப்பட்ட மக்களுக்கு நேர்ந்த அநீதியைச் சரிசெய்யவே அது கொண்டுவரப்பட்டது. அந்தச் சட்டத்தின் முகப்புரையே ‘வரலாற்று அநீதி’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது.

அந்தச் சட்டத்துக்கு இங்கே இணை இல்லை. நம் அரசியலமைப்பில் சொத்துரிமை என்று தனிப் பிரிவு கிடையாது. நல்ல சுற்றுச்சூழலுக்கான உரிமையும் அதில் எழுதப்படவில்லை. 2012ஆம் ஆண்டின் ஆசியான் மனித உரிமைப் பிரகடனம் பாதுகாப்பான, தூய்மையான சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அதைக் கையில் ஏந்தி நீதிமன்றம் போக முடியாது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடுகூட இங்கே தனிச் சட்டமாக இல்லை. திட்ட அனுமதி தரும் நடைமுறையின் ஓர் அங்கமாகத்தான் நடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியாவிலும் அந்தச் சட்டம் காகிதத்தில் இருப்பதுபோலத் தரையில் இல்லை. உங்கள் பூர்வீக மாநிலமான தமிழ்நாட்டில் அதன்கீழ் உரிமைப் பத்திரம் வழங்குவது 2008லிருந்து 2016வரை நீதிமன்ற உத்தரவால் முடங்கிக் கிடந்தது. புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் இருக்கும் 591 கிராமங்களை வெளியேற்றும் திட்டத்தை விரைவுபடுத்தச் சொல்லி, 2024 ஜூனில் மாநிலங்களுக்குக் கடிதம் போயிருக்கிறது. அங்கே காட்டைக் காப்பதற்காக மக்களை எழுப்புகிறார்கள். உங்கள் கம்பத்தில் மக்களை எழுப்பிய பிறகு காடு வந்தது, இப்போது காட்டை எழுப்பி மக்களைக் குடிவைக்கப் போகிறார்கள். எப்படிப் பார்த்தாலும், அந்த மண்ணை அறிந்தவர்களிடம் முதலில் கேட்டார்களா என்பதே கேள்வி. உங்கள் மனத்தை உறுத்துவதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

நீதிமன்றம் போனால்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசு அமைப்பின் முடிவை நீதிமன்றம் மறுபரிசீலனை செய்யலாம். ஆனால் அது பார்ப்பது முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்பதை. காடு பெரிதா, வீடு பெரிதா என்று நீதிபதி தராசு பிடிக்க மாட்டார். முடிவை ரத்து செய்யக் கோருவதானால் மூன்று மாதத்துக்குள் அனுமதி கேட்க வேண்டும். சாலைப் பக்கத்துக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. அதோடு, வழக்கில் உங்களுக்கு நேரடி நலன் இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஹவ்காங் தொகுதியில் இடைத்தேர்தல் கேட்டு 2012இல் வழக்குப் போட்ட தமிழ்ப் பெண்மணியை நீங்கள் நினைவுபடுத்தியிருக்கிறீர்கள். துப்புரவு வேலை பார்த்த ஒருவர் உச்ச நீதிமன்றம்வரை போனது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அவர் அந்தத் தொகுதியின் வாக்காளர், கேட்டது தமக்கு ஒரு நாடாளுமன்ற உறுப்பினரை. சன்னலிலிருந்து காட்டைப் பார்ப்பவருக்கு அவ்வளவு தெளிவான பிடிமானம் கிடைக்காது. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் நீங்கள் ஏற்க நேரலாம். உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பை அதில் வைக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

பதினாறு நாளில் செய்ய வேண்டியது

உங்கள் கடிதத்திலேயே மிகவும் மதிப்புள்ள பகுதி மூன்றாம் பக்கம். அதை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கிணறு எந்த மேட்டில் இருக்கிறது, வறட்சியிலும் வற்றாத ஊற்று ஓடைக்கு எந்த மூலையில் வந்து சேர்கிறது, பெருமழைக்கு எந்தத் தாழ்வில் தண்ணீர் தேங்கும், எறும்புத்தின்னியைப் பார்த்த இரண்டு இடங்கள், சின்னான் ஜோடி எந்த மரங்களில் அடைகிறது. ஆய்வாளர்கள் சில மாதங்கள் காட்டில் நடப்பார்கள், தானியங்கிக் கேமரா வைப்பார்கள், இனப்பட்டியல் போடுவார்கள். நாற்பது மழைக்காலத்தைப் பார்த்தவர் அவர்களில் யாரும் இல்லை. அறிக்கையின் வரைபடத்தை நான் பார்த்தேன். ஊற்று அதில் குறிக்கப்படவில்லை. இதைத்தான் நீங்கள் எழுத வேண்டும்.

இப்படிப்பட்ட விவரம் முடிவை மாற்றியதற்கு இந்த ஊரிலேயே சான்று உண்டு. புலாவ் உபினின் செக் ஜாவாவில் நிலமீட்புப் பணி தொடங்கவிருந்த 2001இல், தன்னார்வலர்கள் கரையில் இறங்கி அங்கிருந்த உயிரினங்களைக் கணக்கெடுத்துக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பணி தள்ளிவைக்கப்பட்டது. இன்றும் அந்தக் கரை அப்படியே இருக்கிறது. டோவர் காட்டின் பரப்பு 33 ஹெக்டர். அதன் ஆய்வறிக்கை 2020 டிசம்பரில் வெளியானது. மனுவில் 50,000க்கு மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன, கருத்துச் சொல்லும் கெடு நீட்டிக்கப்பட்டது. 2021 ஜூலையில் வந்த முடிவில் கிழக்குப் பாதி வீடுகளுக்குப் போனது. ஓடை ஓடும், உயிரினம் செறிந்த மேற்குப் பாதி சுமார் பத்தாண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. கையெழுத்து எண்ணிக்கைக்கு வலிமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பாதியைத் தொடக்கூடாது என்று காட்டிக்கொடுத்தது ஓடையும் இனப்பட்டியலும்தான். இரண்டு இடத்திலும் நடந்தது தள்ளிவைப்பு என்பதையும் கவனியுங்கள். தள்ளிவைத்தது என்றைக்காவது திரும்பி வரலாம்.

அதனால் “காட்டை அழிக்காதீர்கள்” என்ற ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். அப்படி நூறு கடிதம் வந்தாலும் ஒரே வரியாகத் தொகுத்துவிடுவார்கள். கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள். ஊற்றையும் ஓடையின் இரு கரையையும் சேர்த்து ஒரு மரப்பட்டையை விட்டுவைக்க முடியுமா? தெங்காவில் புதுநகரின் நடுவே 100 மீட்டர் அகலத்தில் 5 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டு வழி திட்டமிட்டிருக்கிறார்கள், அதைச் சுட்டிக்காட்டுங்கள். மரம் வெட்டுவதை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவார்கள்? சாலையிலிருந்து உள்நோக்கி வெட்டினால் எறும்புத்தின்னி ஓடைப் பக்கம் ஒதுங்கும். எதிர்த்திசையில் தொடங்கினால் அது சாலையில் வந்து விழும். வனவிலங்கைக் காக்கும் நடவடிக்கைகளை எடுக்கும்படி கட்டுமான நிறுவனங்களுக்கு உத்தரவிட, 2020இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டம் அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரத்தை இங்கே பயன்படுத்துவார்களா என்று நேராகக் கேளுங்கள். கண்காணிப்பு அறிக்கையைக் குடியிருப்பாளர்களுக்கும் காட்டுவார்களா என்றும் கேளுங்கள். 2021 தொடக்கத்தில் கிராஞ்சியில், ஆய்வு முடியும் முன்பே ஒரு பகுதிக் காடு தவறுதலாக அழிக்கப்பட்டது தனிமனிதர் ஒருவர் வெளியிட்ட படத்தால்தான் பெரிதாக வெளியே தெரிந்தது. சன்னலோரத்துக் கண்களுக்கும் வேலை உண்டு.

உங்கள் புளோக்குக்காகவும் பேசுங்கள். கீழ்த்தளத்து ஓரறை வாடகை வீடுகளில் முதியவர்கள் குளிர்சாதனமின்றி இருக்கிறார்கள், காட்டிலிருந்து வரும் காற்றுதான் அவர்களுக்கு ஆறுதல் என்று எழுதியிருக்கிறீர்கள். மரம் போனால் முதலில் வேகப்போவது அவர்கள். இதைச் சொல்ல அவர்கள் இணையப் படிவம் நிரப்ப மாட்டார்கள். நீங்கள் ஐந்து பேரைக் கேட்டு எழுதி, அவர்கள் சம்மதத்தோடு சேர்த்து அனுப்பினால் அந்த அறிக்கையில் இல்லாத ஒரு பக்கம் நிறையும்.

தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். தமிழ் இந்த நாட்டின் அதிகாரத்துவ மொழி. படிப்பவர் கைக்கு விரைவாகச் சேர ஆங்கில மொழிபெயர்ப்பை உடன் இணைப்பது நல்லது. அதை உங்கள் மகனிடம் கேளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஒரு நகலைத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்கு நேரில் கொண்டுபோங்கள். இன்னொன்றைச் சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். அறிக்கையை வரிக்கு வரி படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

அட்டை, வாட்ஸ்அப், தடுப்புக்குப் பின்னால் இருப்பவர்கள்

பேருந்து நிறுத்தத்தில் நிற்க வேண்டாம். பொது ஒழுங்குச் சட்டப்படி, ஒரு கருத்தை வலியுறுத்திப் பொது இடத்தில் அட்டை பிடித்து நிற்கக் காவல்துறை அனுமதி வேண்டும். ஒரே ஒருவர் நின்றாலும் சட்டம் அதைக் கூட்டம் என்றே கொள்ளும். அனுமதியின்றி ஏற்பாடு செய்தவருக்கு முதல் முறை 5,000 வெள்ளிவரை, கலந்துகொண்டவருக்கு 3,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கலாம். ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் குடிமக்கள் பதிவுசெய்துகொண்டு பேசலாம். நிரந்தரவாசிகள் அங்கே கலந்துகொள்ளலாம், ஆனால் ஏற்பாடு செய்வதும் பேசுவதும் குடிமக்களுக்கு மட்டும். உங்கள் ஆறு பேரில் ஒருவர் பேரனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருப்பவர் என்கிறீர்கள். அந்த அம்மாவை எதற்கும் அழைத்துப் போகாதீர்கள். அவருடைய வருகை அனுமதியே போய்விடும் ஆபத்து இருக்கிறது.

நீங்கள் எனக்கும் அனுப்பிய அந்த வாட்ஸ்அப் செய்தி, ‘நிலத்தை ரகசியமாக விற்றுவிட்டார்கள்’ என்பது, பொய். வீடு கட்டப்போவது வீவக. பொய்த் தகவல் பரப்புவதைத் தடுக்கும் பொஃப்மா சட்டம் இருக்கும் ஊரில் இதை ஆளுக்கு ஆள் அனுப்புவது ஆபத்து. அதைவிட, ஒரு பொய் கலந்துவிட்டால் நீங்கள் சொல்லும் ஊற்றையும் யாரும் நம்ப மாட்டார்கள். அனுப்பிய குழுக்களில் திருத்தம் போட்டுவிடுங்கள்.

தடுப்புக்குப் பின்னால் வேலை செய்யும் தம்பிகளிடம் கோபமாகப் பேசியதையும், பிறகு சமாதானமாகி உள்ளே நடப்பதைப் படமெடுத்து அனுப்பச் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். அம்மா, இதை மட்டும் உடனே நிறுத்துங்கள். அவர்கள் புதுக்கோட்டையிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் கடன் வாங்கி வந்த பிள்ளைகள். வேலை அனுமதி முதலாளியின் கையில் இருக்கிறது. ஒரு படம் வெளியே போனது தெரிந்தால் அடுத்த வாரம் விமானம் ஏற்றிவிடலாம். உங்கள் தாத்தா அந்தக் காட்டுக்குள் நுழைந்த நாளில் எந்த நிலையில் இருந்தாரோ, கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் அவர்கள் இன்று இருக்கிறார்கள்.

மகன் வீடு

இது சட்டக் கேள்வி இல்லை. ஆனால் கடிதத்தில் மூன்று பக்கம் இதற்குத்தான் போயிருக்கிறது. முதலில் சட்டம் தொட்ட பகுதி: வீட்டைத் தேர்ந்தெடுக்க அழைக்கும் நாளில் போதிய வீடுகள் இருந்தும் மகன் எடுக்காமல் விட்டால், 2023 ஆகஸ்டு முதல் நடப்பிலுள்ள விதிப்படி, முதல்முறை வாங்குவோருக்கான முன்னுரிமையை ஓராண்டுக்கு இழப்பார். மூன்றாவது முயற்சியில் கிடைத்த எண் அது. உங்களுக்காக அவர் அதை விட்டாலும் சாலைப் பக்கத்துக் காட்டில் ஒரு மரம்கூட மிஞ்சாது. வீடு வரிசையில் அடுத்தவருக்குப் போகும்.

உங்கள் அப்பாவுக்கு 1983இல் கிடைக்காதது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். வீடு கிடைத்தது. கேட்டுச் சொல்லும் உரிமை கிடைக்கவில்லை. இன்று சாலைப் பக்கத்தைப் பொறுத்தவரை உங்களுக்கும் அது கிடைக்கவில்லை, அந்த வருத்தம் நியாயமானது. அந்த வருத்தத்தை மகன் மேல் இறக்கிவிட்டீர்கள். மூவறை வீட்டில் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு, நான்கு ஆண்டாகப் பிள்ளை பெறுவதையே தள்ளிப்போட்டிருக்கும் பிள்ளை அவர். உங்கள் அருகிலேயே இருக்க வேண்டும் என்றுதான் இந்தப் பேட்டையை மூன்று முறையும் கேட்டிருக்கிறார். இதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீடு தேவைப்படுவோருக்கும் காடு தேவைப்படுவோருக்கும் நடுவே கோடு போடுவது திட்டமிடுபவர்களின் பொறுப்பு. காலியான பழைய பள்ளி நிலம், குழிப்பந்துத் திடல் போன்றவற்றை முதலில் பாருங்கள் என்று அவர்களிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். உங்கள் சாப்பாட்டு மேசையில் அந்தக் கோடு வேண்டாம்.

அதனால்தான் மொழிபெயர்ப்பை அவரிடம் கேட்கச் சொன்னேன். கிணறு, ஊற்று, மாட்டுக்கொட்டகை எதுவும் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, கம்பம் போன பிறகு பிறந்தவர். நீங்கள் சொல்லச் சொல்ல அவர் ஆங்கிலத்தில் எழுதட்டும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையத்துக்கும் ஒரு நகல் அனுப்பிப் பாருங்கள். நம்மவர்களின் கம்பத்து நினைவுகள் அங்கே இன்னும் கொஞ்சம் சேரலாம்.

சூலத்தைப் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். அனுமதியின்றி அரசு நிலத்தில் இருக்கும் வழிபாட்டிடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. பணி தொடங்கும் நாளில் அகற்றிவிடுவார்கள். அதற்கு முன்பே சிங்கப்பூர் நில ஆணையத்துக்கு எழுதி, முறைப்படி எடுத்துச் செல்ல ஒரு நாள் உள்ளே அனுமதி கேளுங்கள். எந்தக் கோயிலில் சேர்க்கலாம் என்று இந்து அறக்கட்டளை வாரியத்திடம் விசாரியுங்கள். ஆலமரம் நீங்கள் சொல்லும் அளவுக்குப் பெரியதென்றால், தேசியப் பூங்காக் கழகத்தின் மரபுடைமை மரத் திட்டத்துக்கு அதைப் பரிந்துரைக்கலாம். அந்தத் திட்டத்தில் பொதுமக்கள் யாரும் பரிந்துரைக்கலாம். அடிமரத்தின் சுற்றளவு, வயது, இடத்தின் கதை எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

வரைபடத்தில் ஆலமரத்தைக் குறிக்கும்போது கிணற்றையும் குறித்துவிடுங்கள். மூடி போடாத பழைய கிணறு, மேலே கொடி படர்ந்து தெரியாமல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை தப்படி, எந்தத் திசை என்று நினைவிருக்கும் மட்டும் எழுதுங்கள். மரம் வெட்ட முதலில் உள்ளே இறங்கப்போவது அந்தத் தம்பிகள்தான்.